கடலுக்கு அப்பாலும் அதே பேரேடு

கடல் கடந்தால் சாதி கெடும் என்று எழுதி வைத்தனர் வைதீகர். போதாயனரின் தரும சூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழக்கச் செய்யும் குற்றங்களுள் ஒன்றாகவே எண்ணுகிறது. ஏடு அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, தமிழன் கப்பலேறினான். இலங்கை, பர்மா, மலாயா, சுமத்ரா என்று ஆசியக் கரையெங்கும் இறங்கினான். சாதி கெட்டதா? கெட்டிருந்தால் மகிழ்ந்திருப்போம்! உப்புக் காற்று பட்டு இரும்பு துருப்பிடித்தது, மரம் உளுத்தது, சாதி மட்டும் நாகப்பட்டினத்தில் ஏறியபடியே பினாங்கில் இறங்கியது, மெருகு குலையாமல்!

அதனோடு இன்னொரு பொருளும் இறங்கியது. அதுதான் பேரேடு. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். கடல் கடந்த தமிழனின் வாழ்வை, அவன் மனைவியை, மகளை, காதலை, அந்தப் பேரேடு எவ்வாறு ஆண்டது என்பதை அறிய விரும்புவோர் வரலாற்று நூல்களை மட்டும் புரட்டினால் போதாது. ப. சிங்காரம் எழுதிய இரு நாவல்களைப் படித்தாக வேண்டும். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. நம் படிப்பகங்களில் இவற்றைப் படித்தோர் சிலரே. படித்தவரும் "போர்க்கதை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். போர் அவற்றின் மேற்பரப்பு. அடியிலே கிடப்பது குடும்பத்தின் கதை.

சிங்காரம் கேட்டறிந்து எழுதியவரல்லர், வாழ்ந்து எழுதியவர். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தார். 18 வயதில், 1938இல், சுமத்ரா தீவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்றார். அந்நாட்டிலேயே மணவாழ்வு தொடங்கி, தலைப்பேற்றில் மனைவியையும் குழந்தையையும் ஒருங்கே இழந்தார். போர் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றினார். மறுமணம் செய்துகொள்ளாமல், விடுதி அறையில் தனியராகவே வாழ்ந்து 1997இல் மறைந்தார். அயல் மண்ணில் குடும்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை, இழப்பின் வாயிலாகக் கற்ற எழுத்தாளர் அவர். இதை மனத்திற் கொண்டு படித்தால், அவருடைய சொற்களின் வறட்சிக்கு அடியில் ஓடும் ஈரம் தெரியும்.

அந்த வட்டிக்கடை உலகம் எப்படிப்பட்டது? 'கொண்டுவிற்கப் போதல்' என்று அதற்குப் பெயர். சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகப் போவான். கூட்டிப் பெருக்கி, கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாள் ஆவான். பின்னர் மேலாள் ஆவான். ஊழியம் மூன்றாண்டுக் கணக்கு. தவணை முடிந்தால் ஊருக்கு வந்து, மணம் முடித்து, சில திங்கள் இருந்து, மீண்டும் கப்பலேறுவான். மனைவி? அவள் ஊரிலேதான். கிட்டங்கி என்று அவர்கள் அழைத்த நீண்ட கூடத்திலே வரிசையாகப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு பாய். பாய்க்கு ஓர் ஆண். சமையலுக்கும் ஆண். பினாங்கில் தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் ஓடிற்று. அந்தத் தேருக்கு வெள்ளி தந்த கூடத்திலே, ஒரு மனைவி தங்க முழத்துக்கு முழம் இடமில்லை!

இதைச் சிலர் 'கட்டுப்பாடு' என்பர், 'குலப் பண்பு' என்பர். பேரேட்டைப் புரட்டினால் உண்மை தெரியும். குடும்பத்தோடு வந்தால் வீட்டு வாடகை, சோறு, துணி, மருத்துவம் எல்லாம் பற்று, வரவு ஏதுமில்லை. ஆகவே மனைவி ஊரிலே நின்றாள். மூன்றாண்டுக்கு ஒருமுறை கணவன் முகம்; இடையிலே கடிதம்; கடிதம் படிக்கத் தெரியாதவளுக்கு அதுவும் அடுத்தவர் வாயால். அவள் கண்ணீரை எந்த ஐந்தொகையிலும் எவரும் எழுதவில்லை.

இந்த உலகத்திலே விதிவிலக்காக ஒரு குடும்பம் பினாங்கில் வாழ்ந்தால் என்ன நேரும்? அதுவே 'கடலுக்கு அப்பால்.' வயிரமுத்துப் பிள்ளை வட்டிக்கடை முதலாளி. மனைவியும் மகள் மரகதமும் உடனிருக்கின்றனர். கடையிலே பணிபுரியும் இளைஞன் செல்லையாவுக்கும் மரகதத்துக்கும் அன்பு மலர்கிறது. போர் வருகிறது. பினாங்கில் 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசினர். நகரம் அவர் வசமாயிற்று. நேதாஜியின் அழைப்பு ஒலித்தபோது செல்லையா பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்துகிறான். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து மீண்டு வருகிறான். அவன் விரும்புவது இரண்டு: பழைய வேலை, மரகதத்தின் கை. முதலாளி மறுக்கிறார்.

மறுப்புக்கு அவர் கூறும் காரணத்தை நம் தோழர்கள் நன்கு நோக்க வேண்டும். செல்லையா தீயவனா? இல்லை. திறமையற்றவனா? இல்லை, கடையைக் கட்டிக் காத்தவன். வேற்றுச் சாதியா? அதுவுமில்லை. பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பதே காரணம். துப்பாக்கி பிடித்த கை பணிந்து கணக்கு எழுதாது. நிமிர்ந்து நடந்து பழகியவன் முதலாளி முன் குனிய மாட்டான். அச்சம் நியாயமானதுதான், முதலாளிக்கு! மருமகன் என்று அவர் தேடியது மகளுக்குத் துணைவனையன்று, கடைக்கு ஆளை. மகளின் திருமணம் பேரேட்டிலே ஒரு பதிவு. அந்தப் பதிவுக்குப் பொருந்தும் பெயர் வேறொருவனுடையது.

இங்கேதான் சிங்காரத்தின் திறனைப் போற்றுகிறோம். அவர் முதலாளியை அரக்கனாக்கவில்லை. திரைப்படத்திலே வரும் மீசை முறுக்கிய கொடியவனாக அவர் வந்திருந்தால், வெறுத்துவிட்டு வீடு திரும்பியிருப்போம். வயிரமுத்துப் பிள்ளை அன்புள்ள தந்தை, உழைத்து உயர்ந்தவர், தம் வழியிலே நேர்மையாளர். அத்தகைய மனிதரைக் கொண்டே ஒரு முறை தன் கொடுமையைச் செய்துகொள்கிறது என்று காட்டுகிறார் ஆசிரியர். கொடியவன் செய்யும் கொடுமையை ஒருவனைத் திருத்தித் தீர்க்கலாம். நல்லவன் கையால் நடக்கும் கொடுமைக்கு முறையையே மாற்றியாக வேண்டும். சீர்திருத்தம் பேசும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் எது?

ஆனால் முடிவிலே சிங்காரத்தோடு நாம் மாறுபடுகிறோம். செல்லையாவும் மரகதமும் பிரிகின்றனர். எதிர்ப்பு இல்லை; ஏற்பு. இழப்பை மனத்தால் வென்றுவிடலாம் என்ற தத்துவத்தின் நிழலிலே கதை முடிகிறது. அமைதியான முடிவுதான், அழகான முடிவுதான். எவருக்கு அமைதி என்று கேட்கிறோம். செல்லையாவுக்குத் தத்துவம் கிடைத்தது, மரகதத்துக்கு? அவள் என்ன நினைத்தாள், தந்தையிடம் என்ன கேட்க விரும்பினாள், கேட்கவிடாமல் தடுத்தது எது என்பதற்கு நாவலிலே இடம் மிகக் குறைவு. ஜப்பானியன் குண்டைத் தாங்கிய ஊரிலே, ஒரு பெண் தன் தந்தையின் சொல்லைத் தாங்கமாட்டாமல் தலைகுனிகிறாள். பேரரசுகளை எதிர்த்துப் போராடத் துணிந்த இளைஞன், பேரேட்டை எதிர்க்கத் துணியவில்லை!

"அக்காலத்து நிலை அதுதானே, ஆசிரியர் உள்ளதைத்தானே எழுதினார்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. உள்ளதை எழுதினார் என்பது சரி. உள்ளது முழுவதும் அதுதானா என்பது கேள்வி. செல்லையா தலைகுனிந்து நின்ற காலத்துக்குப் பதினைந்தாண்டுகளுக்கும் முன்பே, 1929 டிசம்பரில், தந்தை பெரியார் நாகம்மையாரோடு கப்பலேறி மலாயா சென்றார். மூன்றாண்டுக் கணக்குப் பார்த்து மனைவியை ஊரிலே நிறுத்தும் உலகுக்கு, மனைவியோடு மேடையேறிய ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் மூட்டிய சிந்தனை அங்கேயே வேர்விட்டது. திருவாரூரிலிருந்து சிங்கப்பூர் சென்று, 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, சீன மரபில் வந்த பெண்ணை வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். சாதி கடந்து, இனம் கடந்து, மொழி கடந்து! ஆக, மலாயாத் தமிழகத்திலே பேரேட்டை மூடி வைத்த கைகளும் இருந்தன. அந்தக் காற்று வயிரமுத்துப் பிள்ளையின் வீட்டுச் சன்னலில் வீசவில்லையா? வீசியும் கதவு திறக்கப்படவில்லையா? அந்த வினாவை எழுப்பியிருந்தால் நாவல் இன்னும் ஓர் அடி உயர்ந்திருக்கும்.

அடுத்து வந்த 'புயலிலே ஒரு தோணி' பெரிய கடல். பாண்டியன் என்னும் இளைஞன் மெடானில் ஜப்பானியர் நுழைவதைக் காண்கிறான், தொங்கானில் ஏறிப் புயலில் சிக்கிப் பினாங்கு சேர்கிறான், ராணுவத்தில் சேர்கிறான், பின்னர் டச்சுக்காரரை எதிர்த்து எழுந்த இந்தோனேசிய விடுதலைப் போரிலே கலந்து, தாயகம் காணாமலே மடிகிறான். பயண நூல் எழுதுவோர் கோபுரத்தின் உயரத்தையும் விடுதியின் வசதியையும் எழுதுவர். சிங்காரமோ தெருவை எழுதுகிறார். மெடானின் கெர்க் ஸ்ட்ராட்டிலே நடப்பவன் நெஞ்சிலே சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரைத் தெருக்களும் ஓடுகின்றன. மலாய்ச் சொல்லும் டச்சுப் பெயரும் செட்டிநாட்டுக் கடைப்பேச்சும் ஒரே வாக்கியத்திலே தோள் உரசி நிற்கின்றன. அயலிலே வாழ்பவன் இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் நடக்கிறான் என்ற உண்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ் உரைநடை அரிது.

இந்நாவலிலே 'தமிழ்ப் பேரவை' என்றொரு பகுதி. பினாங்குத் தமிழ் இளைஞர் கூடிப் பேசுகின்றனர். பழம்பெருமை பேசித் திரியும் தமிழரைப் பாண்டியன் எள்ளி நகையாடுகிறான். நம் தோழர் சிலர்க்கு இது கசக்கிறது. "தமிழன் பெருமையைத் தாக்கியவனை நாம் ஏன் பாராட்டவேண்டும்?" என்கின்றனர். நாம் அமைதியாகக் கேட்கிறோம்: முப்பாட்டன் கடாரம் கொண்டான் என்று முழங்கியவனின் பேரன், அதே கடாரக் கரையிலே ரப்பர் மரத்தடியில் பால்வாளி சுமந்தானே, அதைப் பற்றி முழங்கியவர் எத்தனை பேர்? பழம்பெருமை பேசிப் பயனில்லை என்று பெரியார் ஓயாது இடித்துரைத்தாரே, அவர் தமிழர்க்குப் பகைவரா? கண்ணாடி முகத்தின் கரியைக் காட்டினால் கண்ணாடியை உடைப்பது அறிவுடைமையாகாது. பாண்டியனின் எள்ளலில் மிகை உண்டு. ஒரு பக்கச் சாய்வும் உண்டு. எனினும் அது நம்மவன் சினம். வீட்டுக்குள்ளே எழுந்த குரல். கேட்டுக்கொள்வோம்.

நம்முடைய உண்மையான குறை வேறு. இவ்விரு நாவல்களிலும் பேசுவோர் கடைக்காரரும் கணக்கரும் படைவீரருமே. தோட்டத்துக் குடும்பம் எங்கே? அது ஓரத்திலே நிழலாகத்தான் தெரிகிறது. சேலம் மாவட்டத்தில் இருந்து படிக்கும் நமக்கு இந்த வெற்றிடம் உறுத்துகிறது. ஏனெனில் நம் மண்ணிலிருந்து கடல் கடந்தோரில் பெரும்பாலோர் பெட்டியடிக்குப் போனவரல்லர். தேயிலைக்கும் ரப்பருக்கும் போனவர். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சேலத்தைச் சூறையாடியது. மேச்சேரியும் சுற்றுப்புறமும் வானம் பார்த்த பூமி. ஆடு மேய்த்தும் சோளம் விதைத்தும் வாழ்ந்த நாடு. இத்தகைய ஊர்களிலே கங்காணி வந்தான். தலைக்கு இவ்வளவு என்று பணம் பெறும் ஆள்பிடிப்பவன் அவன்.

அந்தக் கங்காணி குடும்பத்தை என்ன செய்தான் என்று பாருங்கள். வட்டிக்கடை மனைவியை ஊரிலே விட்டு வரச் சொன்னது. தோட்டமோ மனைவியையும் பிள்ளையையும் கூட்டி வரச் சொன்னது! இரக்கமா? இல்லை. இங்கும் பேரேடுதான். கொழுந்து கிள்ளப் பெண்ணின் விரல் வேண்டும். அவள் கூலி ஆணின் கூலியிலும் குறைவு. களை பறிக்கப் பிள்ளை உதவும். அப்பிள்ளை வளர்ந்தால் மறுபடி ஆள் பிடிக்கும் செலவு மிச்சம். இலங்கைத் தோட்டங்களிலே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கூலிகளின் கடன் தொகை அதிலே எழுதப்படும். அத்தொகையைக் கொடுக்கும் தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறுவர். 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. கடைப் பேரேட்டிலே குடும்பம் பற்று, ஆகவே பிரித்தனர். தோட்டப் பேரேட்டிலே குடும்பம் வரவு, ஆகவே சேர்த்தனர். பிரித்ததும் சேர்த்ததும் ஒரே கைதான்.

இந்தத் தோட்டத்துக் குடும்பத்தை இலக்கியம் முற்றிலும் மறந்துவிடவில்லை. புதுமைப்பித்தன் 1935இலேயே 'துன்பக்கேணி'யில் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி, நம் நெஞ்சைச் சுட்டார். அகிலன் மலேசியா சென்று வந்து 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். இவை அக்கறையோடு எட்டிப் பார்த்த கண்கள். உள்ளிருந்து எழுந்த குரலுக்கு மலேசியத் தமிழரிடமே செல்ல வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளிலே ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை போட்டனர். தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே வாந்திபேதியிலும் பட்டினியிலும் மாண்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' அதைச் சொல்கிறது. செல்லையா துப்பாக்கி ஏந்திய அதே காலம்; அதே ஜப்பானியர். ஒரு தமிழன் அவர்தம் துணையோடு விடுதலைப் படையில் நடந்தான். இன்னொரு தமிழன் அவர்தம் சவுக்கடியில் தண்டவாளம் சுமந்தான். இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் வரலாறு முழுமையாகும்.

போர் முடிந்தது, ஆட்சிகள் மாறின, பேரேடு மாறவில்லை. முதலாளி எழுதிய கணக்கை அரசுகள் எழுதத் தொடங்கின. 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள! மக்களா, மூட்டைகளா? ஒரு குடும்பத்திலே தந்தை இந்தியப் பட்டியலில், பிள்ளை இலங்கைப் பட்டியலில். தேயிலைச் செடிக்கு நாடு இருந்தது. அதை நட்டவனுக்கு இல்லை.

இன்றைய நிலை என்ன? கப்பல் போய் விமானம் வந்தது. சிங்கப்பூரிலே உயர்ந்த ஊதியம் பெறும் பொறியாளர் மனைவி மக்களோடு வாழ அனுமதி பெறுகிறார், விடுமுறைக்கு ஆசிய நாடுகளைச் சுற்றி வருகிறார், மகிழ்கிறோம். அவர் வாழும் மாடியைக் கட்டிய தமிழ்த் தொழிலாளி, வேலை அனுமதிச் சீட்டிலே சென்றவர், மனைவியை உடன் அழைத்து வாழ அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. விடுதியிலே வரிசையாகக் கட்டில். கட்டிலுக்கு ஓர் ஆண். கிட்டங்கி நினைவுக்கு வருகிறதா? மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்த கடிதக் கணவன் இன்று கைப்பேசித் திரையில் நாள்தோறும் வருகிறான், அவ்வளவே வேறுபாடு. குடும்பத்தோடு வாழ்வது மனித உரிமையா, ஊதிய உயர்வுக்குத் தரும் பரிசா? சிங்காரம் எழுப்பாமல் எழுப்பிய கேள்வி இதுவே. அறுபதாண்டுகளுக்கும் மேற்பட்ட நாவலை இன்று நாம் படிக்க வேண்டியதற்குக் காரணமும் இதுவே.

தமிழ்நாடு 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. அந்தச் சட்டம் மரகதங்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. கதவைக் கடந்து நடக்கும் துணிவைச் சட்டம் தர முடியாது; படிப்பும் சிந்தனையும் தோழமையும்தான் தர முடியும். ஆகவே நாம் வேண்டுவது எளியது. மன்றந்தோறும் இந்நாவல்களைப் படியுங்கள். ஆசிரியரைப் பாராட்டுங்கள், அவரோடு வாதாடுங்கள். பெண் தோழர்கள் மரகதத்தின் பக்கம் நின்று அந்தக் கதையை மறுபடி சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊரிலே இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய் வந்த குடும்பங்கள் இருந்தால், அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள்; பழைய கடிதங்களைக் கறையானுக்கு விடாதீர்கள். கடைக்காரனின் கதையை எழுத ஒரு சிங்காரம் கிடைத்தார். கூலிக்காரியின் கதை அவள் பேரப்பிள்ளைகளின் கைக்காகக் காத்திருக்கிறது.

பேரேட்டை இதுவரை முதலாளி எழுதினான். இனி நாம் எழுதுவோம்: அவள் கண்ணீரையும் சேர்த்து.